மிச்சத்தைத் துரத்திய கணக்கர்கள்

கணக்கிடலின் கதை – 9

நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பள்ளியிலேயே கற்றுத்தரப்படும் நீக்கல் முறை. ஒரு சமன்பாட்டைக் கொண்டு மற்றவற்றிலிருந்து ஒரு மாறியை நீக்கி, கடைசியில் ஒரே மாறி எஞ்சும்வரை சென்று, அங்கிருந்து திரும்பி வந்து எல்லா மாறிகளையும் கண்டுபிடிப்பது. இரண்டாவது, மீள்செய் முறை. உத்தேசமாக ஒரு விடையை எடுத்துக்கொண்டு சமன்பாடுகளில் இடவேண்டும். சரியான விடையாக இருந்தால் ஒவ்வொரு சமன்பாட்டிலும் பூச்சியம் மிஞ்சும். இல்லையென்றால் ஏதோ ஓர் எண் மிஞ்சும். அந்த மிச்சத்தை வைத்தே விடையைத் திருத்தி, திருத்திய விடையை மறுபடி இட்டுப் பார்த்து, மிச்சம் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கும்வரை இதையே தொடர்வது.

நீக்கல் முறைக்கு முடிவு நிச்சயம். ஆனால் மாறிகள் இரு மடங்கானால் அதன் வேலை எட்டு மடங்காகும். பத்து லட்சம் மாறிகள் கொண்ட தொகுதிக்கு, எண்கள் எல்லா இடத்திலும் நிறைந்திருந்தால், சுமார் 3,300 கோடி கோடி பெருக்கல்கள் வேண்டும். இயற்பியலிலும் பொறியியலிலும் வரும் பெரிய தொகுதிகளில் ஒவ்வொரு சமன்பாட்டிலும் நான்கைந்து மாறிகள்தாம் இருக்கும்; மற்ற இடமெல்லாம் பூச்சியம். அங்கே ஒருமுறை மிச்சம் காண 50 லட்சம் பெருக்கல்கள் போதும். மீள்செய் முறைகள் வாழ்வது இந்த இடைவெளியில்தான்.

இவற்றின் இருநூறு ஆண்டு வரலாற்றைச் செலுத்தி வந்தது ஒரே கேள்வி: மிச்சம் தெரிந்தபின், அடுத்து எதை, எவ்வளவு திருத்துவது? அதற்கு முதலில் கணக்கரின் கண் விடை சொன்னது. பிறகு மாறாத விதி சொன்னது. அதன்பிறகு, திருத்தும் அளவையும் திசையையும் கணக்கின் எண்களே சொல்லும்படி ஆயிற்று.

1823: கோட்டிங்கனிலிருந்து ஒரு கடிதம்

கார்ல் பிரீட்ரிக் காஸ் 1820-களின் முற்பகுதியில் ஹானோவர் நாட்டின் முக்கோண நிலஅளவையில் மூழ்கியிருந்தார். அவருடைய முன்னாள் மாணவர் கிறிஸ்டியன் லுட்விக் கெர்லிங் மார்பர்க்கில் பேராசிரியர். அவரும் நிலஅளவைப் பணியில் ஈடுபட்டிருந்தார். அளவுகளில் தவிர்க்க முடியாத சிறு பிழைகளைச் சமன்செய்ய மீச்சிறு வர்க்க முறையைப் பயன்படுத்தும்போது, மாறிகளின் எண்ணிக்கைக்குச் சமமான நேரியல் சமன்பாடுகள் வந்து நிற்கும். அவற்றை எளிதில் தீர்க்கும் வழியைக் காஸ் 1823 டிசம்பர் 26 அன்று கெர்லிங்குக்குக் கடிதமாக எழுதினார்.

பெர்கர் வார்ட்டே, யோகன்னிஸ்பெர்க், தவுஃப்ஷ்டைன், மில்செபுர்க் ஆகிய நான்கு இடங்களை நோக்கிய திசைகளுக்கான சிறு திருத்தங்களே அந்தக் கடிதத்தில் வரும் மாறிகள். அவற்றை அ, ஆ, இ, ஈ என்று கொண்டால் சமன்பாடுகள் இவை:

0 = +6 + 67அ − 13ஆ − 28இ − 26ஈ
0 = −7558 − 13அ + 69ஆ − 50இ − 6ஈ
0 = −14604 − 28அ − 50ஆ + 156இ − 78ஈ
0 = +22156 − 26அ − 6ஆ − 78இ + 110ஈ

ஓரிடத்திலிருந்து பார்க்கும் திசைகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொருளுடையது. எனவே ஒரு மாறியைப் பூச்சியமாக்கிவிட்டு மூன்றை மட்டும் தீர்த்தாலே போதும். காஸ் நான்கையும் வைத்துக்கொண்டார். அதனால் ஒவ்வொரு நிரலிலும் உள்ள எண்களைக் கூட்டினால் பூச்சியம் வருகிறது. மிச்சங்களின் கூட்டுத்தொகையும் எந்தப் படியிலும் பூச்சியம்தான். எங்காவது கூட்டலில் தவறினால் அந்தப் படியிலேயே தெரிந்துவிடும்.

எல்லா மாறிகளையும் பூச்சியமாகக் கொண்டு தொடங்கினால் மிச்சங்கள் +6, −7558, −14604, +22156. இவற்றில் பெரியது கடைசி எண். அதைத் தீர்க்கவல்ல மாறி ஈ. அதன் கெழு 110. 22156-ஐ 110-ஆல் வகுத்தால் 201-க்குச் சற்று மேல். எனவே ஈ = −201. இதை எல்லாச் சமன்பாடுகளிலும் சேர்த்தால் மிச்சங்கள் +5232, −6352, +1074, +46 ஆகின்றன. இப்போது பெரியது −6352. 69-ஆல் வகுத்து, ஆ = +92 என்று கொண்டால் +4036, −4, −3526, −506. அடுத்து அ = −60; மிச்சங்கள் +16, +776, −1846, +1054. அடுத்து இ = +12; மிச்சங்கள் −320, +176, +26, +118.

நான்கே படிகளில், இருபத்திரண்டாயிரத்தில் தொடங்கிய மிச்சம் முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. பிறகு அ-வோடு 5 கூட்டி, ஆ-விலிருந்து 2 கழித்து, அ-விலிருந்து 1 கழித்தால் எஞ்சுவன −26, −14, +14, +26. இவற்றில் எதுவும் தனக்குரிய கெழுவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே முழு எண்ணில் இனித் திருத்த எதுவும் இல்லை. விடை: அ = −56, ஆ = +90, இ = +12, ஈ = −201. மொத்தம் ஏழு படிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வகுத்தலும் சில பெருக்கல்களும் மட்டுமே.

இரண்டு மாறிகளுக்கு மேற்பட்ட கணக்கில் இனி நேரடி நீக்கலை நாட வேண்டியிராது என்று காஸ் கெர்லிங்குக்குப் பரிந்துரைத்தார். அரைத் தூக்கத்திலும் இதைச் செய்யலாம், செய்துகொண்டே வேறு விஷயங்களையும் சிந்திக்கலாம் என்பதும் அவர் கருத்து. கெர்லிங் 1843-இல் வெளியிட்ட நிலஅளவைக் கணக்குநூல் வழியாக இந்த முறை பிறருக்கும் பரவியது.

யாக்கோபியும் சைடலும்

பெரிய மிச்சத்தைத் தேடுவது காகிதத்தில் எளிது; அது பார்வைக்குத் தானாகவே தட்டுப்படும். ஆனால் இந்த முறை எப்போது விடையை நோக்கிச் செல்லும், எப்போது செல்லாது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. கார்ல் குஸ்தாவ் யாக்கோப் யாக்கோபி 1845-இல் வானியல் இதழொன்றில் எழுதிய கட்டுரையில், எல்லா மாறிகளையும் ஒரே நேரத்தில், பழைய மதிப்புகளைக் கொண்டே திருத்தும் வழியைச் சொன்னார். முதன்மை மூலைவிட்டத்தில் நிற்கும் கெழுக்கள் மற்றவற்றைவிடப் போதிய அளவு பெரியனவாக இருந்தால் இது விடையில் ஒருங்கும். பெரியனவாக இல்லாவிட்டால், இரண்டிரண்டு மாறிகளாக எடுத்து அச்சைச் சுழற்றி, மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள பெரிய எண்களை முதலில் பூச்சியமாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டுரைக்கான எண்கணக்கைச் செய்து தந்தவர் பிலிப் லுட்விக் சைடல் என்ற இளைஞர். மறு ஆண்டில் யாக்கோபி அதே சுழற்சியை, ஏழு கோள்களின் நெடுங்காலச் சலனத்தைப் பற்றிய கணக்குக்குப் பயன்படுத்தினார். எட்டாவது கோளான நெப்டியூன் கண்ணுக்குப் பட்டது அந்த 1846-இன் செப்டம்பரில்தான். ஐகென் மதிப்புகளைக் காணும் யாக்கோபி முறை இப்படித்தான் பிறந்தது.

சைடல் பிற்பாடு மியூனிக்கில் பேராசிரியரானார். 1874-இல் பவேரிய அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில், மீச்சிறு வர்க்கச் சமன்பாடுகளில் ஒரு மாறியைத் திருத்தும் ஒவ்வொரு படியும் பிழைவர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கிறது என்பதைச் சான்றாகக் கொண்டு, முறை ஒருங்கும் என்று காட்டினார். இன்று பாடநூல்களில் காஸ்–சைடல் முறை என்று வருவது, முதல் மாறியிலிருந்து கடைசி மாறிவரை வரிசையாகத் திருத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. புதிய மதிப்பு கிடைத்த மறுகணமே அடுத்த மாறிக்கு அது பயன்படும். காஸ் செய்தது இதுவன்று. அவர் பெரிய மிச்சத்தைத் தேடினார். வரிசை மாறாமல் சுற்றிவருவதைச் சைடலும் பரிந்துரைக்கவில்லை. கண்ணுள்ள கணக்கருக்கு அது வீண்வேலை. ஆனால் கண்ணில்லாத இயந்திரத்துக்கு ஏற்ற முறை அதுதான் என்பது அடுத்த நூற்றாண்டில் தெரிந்தது.

அணைகளும் சட்டகங்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமன்பாடுகள் வேறிடத்திலிருந்து வரத் தொடங்கின. வெப்பப் பரவலையும் தகைவையும் விவரிக்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கட்டங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டப்புள்ளிக்கும் ஒரு மாறி, ஒரு சமன்பாடு. லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் 1910-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், ஒரு கற்கட்டு அணையில் தகைவு எப்படிப் பரவுகிறது என்பதை இவ்வாறு கணக்கிட்டுக் காட்டினார். மிச்சத்தின் ஒரு பங்கை எல்லாப் புள்ளிகளிலும் ஒருசேரத் திருத்துவது அவர் முறை. அந்தப் பங்கு சுற்றுக்குச் சுற்று மாறும்.

கூட்டல் கழித்தல்களைச் செய்யச் சிறுவர்களைக் கூலிக்கு அமர்த்தினார். ஒரு புள்ளிக்கு, எண்ணில் எத்தனை இலக்கமோ அதைப் பதினெட்டால் வகுத்த அளவு பென்னி கூலி. மூன்று இலக்க எண் என்றால் ஒரு பென்னியில் ஆறில் ஒரு பங்கு. மிக வேகமான பையன் வாரத்துக்கு 2,000 கணக்குகள் முடித்தான். தவறியவற்றுக்குக் கூலி கிடையாது.

சிவில் பொறியாளர்கள் நன்கறிந்த ஹார்டி கிராஸின் திருப்புத்திறன் பகிர்வு முறை 1930-இல் வெளியானது. உத்திரங்களின் இணைப்புகளை முதலில் அசையாமல் பூட்டியதாகக் கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, சமன்படாத திருப்புத்திறனை அண்டை உத்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது இது. அமெரிக்கப் பொறியாளர்களுக்குப் பழக்கமான மொழியில் வந்த மீள்செய் முறைதான்.

ஆக்ஸ்ஃபர்டில் ரிச்சர்ட் சவுத்வெல் 1935-இல் தொடங்கிய தளர்த்தல் முறையும் இதே குடும்பம். சட்டகத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு கற்பனைப் பிடியில் நிற்கிறது. பிடியின் மீதுள்ள விசையே மிச்சம். எங்கே விசை அதிகமோ அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். காஸ் செய்ததைச் சவுத்வெல்லின் குழு பெரிய கட்டங்களில் செய்து காட்டியது. அனுபவத்தில் அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். மிச்சத்தைச் சரியாகப் பூச்சியமாக்குவதைவிட வேண்டுமென்றே சற்று மிகைபடத் திருத்தினால் விடை விரைவாக வருகிறது. ஏனென்றால் அண்டைக் கணுக்களின் திருத்தம் எப்படியும் மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும். எங்கே, எவ்வளவு மிகைப்படுத்துவது என்பது கைப்பழக்கமாகவே இருந்தது.

கைப்பழக்கம் விதியானது

மின்னணுக் கணினி வந்தபோது சவுத்வெல்லின் முறைக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பெரிய மிச்சத்தை மனிதன் ஒரு பார்வையில் பிடிப்பான். கணினியோ எல்லா எண்களையும் ஒப்பிட்டாக வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தில் ஒரு முழுச் சுற்றையே திருத்தி முடித்துவிடலாம். ஹார்வர்டில் காரெட் பர்க்காஃபின் மாணவர் டேவிட் யங், தளர்த்தலைக் கணினிக்கு ஏற்றதாக்கும் வேலையை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். ஹார்வர்டுக்கு வந்த சவுத்வெல்லிடம் அதைச் சொன்னபோது, தளர்த்தலை இயந்திரமயமாக்கும் எந்த முயற்சியும் காலவிரயம் என்று அவர் கருதியதாக யங் பின்னாளில் பதிவு செய்தார்.

யங்கின் 1950 ஆய்வேடு அதைப் பொய்யாக்கியது. வரிசையாகச் சுற்றிவரும் காஸ்–சைடல் முறையையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் ஒமேகா என்ற ஒரே எண்ணால் பெருக்கினார். ஒமேகா 1-க்கும் 2-க்கும் இடையில் இருந்தால் அது மிகைத்திருத்தம். கட்டக் கணக்குகளுக்கு மிகச் சிறந்த ஒமேகா எது என்பதற்கு அவர் சூத்திரமே கொடுத்தார். அதே ஆண்டில் ஸ்டான்லி ஃபிராங்கலும் தனியாக இதே முடிவை எட்டியிருந்தார்.

இதனால் கிடைத்த ஆதாயத்தை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒரு சதுரத்தின் பக்கத்தை 20 பாகமாகப் பிரித்தால் உள்ளே 361 புள்ளிகள். அதில் லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்க்க, பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க யாக்கோபி முறைக்குச் சுமார் 186 சுற்றுகள் வேண்டும். காஸ்–சைடல் முறைக்கு 93. ஒமேகாவை 1.73 என்று வைத்தால் எட்டுச் சுற்றுகள் போதும். கட்டத்தை இரு மடங்கு நெருக்கமாக்கினால் காஸ்–சைடலின் சுற்றுகள் நான்கு மடங்காகும். யங்கின் முறையில் இரு மடங்கு மட்டுமே. சவுத்வெல்லின் உதவியாளர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தது, யாரும் பயன்படுத்தக்கூடிய விதியாக மாறிவிட்டது.

1955-இல் ஹூஸ்டனில் ஹம்பிள் ஆயில் நிறுவனத்தின் டொனால்ட் பீஸ்மனும் ஹென்றி ராக்ஃபோர்டும் இன்னொரு வழி கண்டார்கள். கட்டத்தில் நிற்கும் மதிப்புகளையே ஓர் அணியாகப் பார்த்தால், லாப்லாஸ் கணக்கு, தெரியாத அணியை இடப்புறத்திலும் வலப்புறத்திலும் தெரிந்த அணிகளால் பெருக்கிக் கூட்டும் சமன்பாடாகிறது. ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1884-இல் ஆராய்ந்த அணிச் சமன்பாட்டின் வடிவம் இது. பீஸ்மனும் ராக்ஃபோர்டும் முதலில் நிரைகளின் திசையிலும் பிறகு நிரல்களின் திசையிலும் மாறி மாறித் தீர்த்தார்கள். நிலத்தடி எண்ணெய்த் தேக்கங்களின் கணக்குக்குப் பயன்பட்ட இந்த முறை, பின்னாளில் கட்டுப்பாட்டுப் பொறியியலில் வரும் லியாப்புனோவ் அணிச் சமன்பாடுகளைத் தீர்க்கவும் கைகொடுத்தது.

திசையைக் கணக்கே சொன்னபோது

ஒமேகாவைத் தேர்ந்தெடுக்கக் கெழுக்களின் அணியைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதையும் தேவையற்றதாக்கிய முறை 1951-இல் இரண்டு இடங்களில் பிறந்தது. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் எட்வர்ட் ஷ்டீஃபலும், லாஸ் ஏஞ்சலஸில் இருந்த அமெரிக்கத் தர அளவை நிறுவனத்தின் எண்ணியல் பகுப்பாய்வுக் கழகத்தில் மேக்னஸ் ஹெஸ்டனஸும் ஒருவரையொருவர் அறியாமல் ஒன்றையே கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் வந்த ஷ்டீஃபலின் கையில் ஹெஸ்டனஸின் கட்டுரை கிடைத்தது. அதில் இருந்தது தம்முடைய முறையே என்று கண்டு, நேரே ஹெஸ்டனஸின் அறைக்குச் சென்றார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1952 டிசம்பரில் வெளியானது. கான்ஜுகேட் கிரேடியண்ட் என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறை அதுதான். அதே கழகத்தில் கொர்னேலியஸ் லாங்சோஷும் ஏறக்குறைய இதே வழியை எட்டியிருந்தார்.

சமச்சீரான, நேர்மிகை அணிகளுக்கு விடை தேடுவது ஒரு கிண்ணத்தின் அடிப்புள்ளியைத் தேடுவது போன்றது. நிற்கும் இடத்தில் எந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குகிறதோ அந்தப் பக்கம் போகலாம் என்று கோஷி 1847-இலேயே சொல்லியிருந்தார். ஆனால் கிண்ணம் நீளமாக நசுங்கியிருந்தால் பாதை பக்கச்சுவர்களுக்கிடையே இங்கும் அங்கும் அலையும். ஹெஸ்டனஸும் ஷ்டீஃபலும் ஒவ்வொரு புதிய திசையையும், முன்பு இறங்கிய திசைகளில் பெற்ற ஆதாயம் கெடாதபடி தேர்ந்தெடுத்தார்கள். இதற்குப் பழைய திசைகளையெல்லாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை; கடைசித் திசையும் இப்போதைய மிச்சமும் போதும். அளவைச் சொல்லும் எண்களும் அந்த மிச்சத்திலிருந்தே கிடைக்கின்றன. கணக்கர் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை.

மிச்சத்தை அணியால் மீண்டும் மீண்டும் பெருக்கிப் பெறும் திசைகளுக்குள்ளேயே விடை தேடப்படுவதால், இந்தக் குடும்பம் ருஷ்யக் கப்பற்படைப் பொறியியலாளரும் கணித அறிஞருமான அலெக்சேய் கிரிலோவின் பெயரைத் தாங்குகிறது. அவர் 1931-இல் அலைவெண்களைக் காண அத்தகைய வரிசையைப் பயன்படுத்தியிருந்தார்.

கோட்பாட்டின்படி, எத்தனை மாறிகளோ அத்தனை படிகளில் விடை முழுமையாகக் கிடைக்க வேண்டும். சூரிச்சில் இருந்த சூசவின் இசட்-4 கணினியில் 106 சமன்பாடுகள் இவ்வாறு தீர்க்கப்பட்டன. ஆனால் தசமங்களை வெட்டி எழுதும் கணினியில் திசைகளின் ஒழுங்கு படிப்படியாகக் குலைகிறது. சொன்ன எண்ணிக்கையில் விடை முடிவதில்லை. நீக்கலுக்குப் போட்டியாகப் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம் அளித்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முறை ஒதுங்கியே கிடந்தது.

மீட்சி

1971-இல் ஜான் ரீட் அதை வேறு கண்ணால் பார்த்தார். பூச்சியங்கள் நிறைந்த பெரிய அணியில் கடைசிப் படிவரை போக வேண்டிய அவசியமே இல்லை. மாறிகளின் எண்ணிக்கையைவிட மிகக் குறைந்த படிகளிலேயே போதுமான துல்லியம் கிடைத்துவிடுகிறது. முடிவை உறுதிசெய்யும் நேரடி முறையாகத் தோற்றது, மிச்சத்தைச் சுருக்கும் மீள்செய் முறையாக வென்றது.

1977-இல் நெதர்லாந்தின் மெய்யரிங்கும் ஹெங்க் வான் டெர் வோர்ஸ்ட்டும் அடுத்த படியை வைத்தார்கள். நீக்கல் முறையை அரைகுறையாக நடத்தி, புதிதாக முளைக்கும் எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டால், மூல அணிக்குத் தோராயமான, எளிதில் தீர்க்கத்தக்க ஒரு மாற்று கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத்தை அதன் வழியாகச் செலுத்தித் திருத்தினால் நசுங்கிய கிண்ணம் வட்டத்தை நெருங்குகிறது. சுற்றுகள் வெகுவாகக் குறைகின்றன. முன்சீராக்கம் எனப்படும் இந்த உத்தியில், காலமெல்லாம் போட்டியிட்ட இரு வழிகளும் ஒன்றுக்கொன்று துணையாயின. சமச்சீரற்ற அணிகளுக்கு யூசெஃப் சாத், மார்ட்டின் ஷுல்ட்ஸ் இருவரும் 1986-இல் ஜிஎம்ரெஸ் முறையைத் தந்தார்கள். வான் டெர் வோர்ஸ்ட்டின் பைசிஜிஸ்டாப் 1992-இல் வந்தது. பாலங்களின் தகைவு முதல் விமானச் சிறகைச் சுற்றிய காற்றோட்டம் வரை, இன்றைய கணிப்பு மென்பொருள்களில் இவை அடித்தளமாக இருக்கின்றன.

மீகணினிகளின் தரவரிசை நெடுங்காலமாக நீக்கல் முறையில் ஒரு பெரிய அடர்ந்த அணியைத் தீர்க்கும் வேகத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. அதனோடு, முன்சீராக்கிய கான்ஜுகேட் கிரேடியண்ட் முறையின் வேகத்தை அளக்கும் தேர்வும் 2010-களில் சேர்ந்தது. ஜப்பானின் ஃபுகாக்கு நீக்கல் தேர்வில் 442 பெட்டாஃபிளாப் வேகம் காட்டியது. இரண்டாம் தேர்வில் 16 பெட்டாஃபிளாப். நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மீள்செய் முறையில் ஒவ்வோர் எண்ணையும் நினைவகத்திலிருந்து கொண்டுவந்து ஓரிரு முறை பெருக்கிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பெருக்கல் மலிவாகிவிட்டது, எண்களைக் கொண்டுவருவதுதான் விலையேறிய வேலை. எதைத் திருத்துவது, எவ்வளவு திருத்துவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. திருத்தத் தேவையான எண்களை எவ்வளவு குறைவாக இடம்பெயர்ப்பது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முன்னுள்ள கேள்வி.

(தொடரும்)